பதினான்கு வயதுப் பந்தயக் குதிரைக்கு என்ன விலை சொல்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டெக்சாஸில், டாலஸுக்கு மேற்கே இருக்கிறீர்கள். மகள் ஏழு வருடமாகப் பேரல் ரேஸ், அதாவது பீப்பாய்களைச் சுற்றிவரும் பந்தயம், ஓட்டிய குதிரை, காயடித்த ஆண், குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனம், வயது பதினான்கு. மகள் கல்லூரிக்குப் போவதால் விற்க நினைக்கிறீர்கள். வாங்கியது 15,000 டாலருக்கு. பயிற்சி கொடுத்தவர் "கண்ணை மூடிக்கொண்டு 40,000 சொல்லுங்கள்" என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் "வயசாகிவிட்டது, 12,000 வந்தால் பெரிய விஷயம்" என்கிறார். ஒருவர் சொல்வது யானை விலை குதிரை விலை, இன்னொருவர் சொல்வது அடிமாட்டு விலை. நியாயமான விலை எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குதிரை எவ்வளவு பெறும் என்பது ஒன்று. விளம்பரத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில், இத்தனை வருடம் கொட்டிய பணத்தில் கொஞ்சமாவது திரும்ப வருமா என்ற கேள்வியும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதை முதலிலேயே முடித்துவிடுவோம்: வராது. தீவனம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், பயிற்சிக் கட்டணம், டீசல், போட்டி நுழைவுக் கட்டணம் எல்லாம் மகள் ஓடிய ஓட்டங்களுக்கான செலவு. வாங்குகிறவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கொடுத்த 15,000-மும் இன்றைய விலையைத் தீர்மானிக்காது. இந்த விளையாட்டில் பெரும் புகழ் பெற்ற குதிரை ஸ்கேம்பர். அதை 1,100 டாலருக்கு வாங்கியதாகச் சொல்வார்கள். அதன் மேல் ஏறி சார்மைன் ஜேம்ஸ் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வென்றார். வாங்கிய விலைக்கும் குதிரையின் மதிப்புக்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பதினெட்டு வருடமாக டெக்சாஸில் குதிரை மருத்துவத்தில் இருக்கிறேன். வாங்குவதற்கு முன் குதிரையைச் சோதித்துப் பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அதனால் கால், மூட்டு, நுரையீரல் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். விலை பற்றிச் சொல்வது, என் கண் முன்னால் கை மாறிய குதிரைகளைப் பார்த்து வந்த கணக்கு. நான் தரகர் இல்லை. முக்கியமாக, உங்கள் குதிரையை நான் பார்க்கவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பேரல் ரேஸ் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு சிறு விளக்கம். முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, வந்த வழியே நாலுகால் பாய்ச்சலில் வெளியேற வேண்டும். முழு அளவுக் களத்தில் முதல் இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே 90 அடி, அங்கிருந்து மூன்றாவதுக்கு 105 அடி. நேரத்தை மின்கண் அளக்கிறது, பல போட்டிகளில் ஆயிரத்தில் ஒரு நொடி வரைக்கும். பீப்பாயைத் தட்டிவிட்டால் தொழில்முறை ரோடியோவில் ஐந்து நொடி தண்டனை. பல உள்ளூர்ப் போட்டிகளில் அந்த ஓட்டத்துக்கு நேரமே கிடையாது.

சரி, விலைக்கு வருவோம். எல்லோரும் முதலில் செய்யும் தவறு, குதிரையின் மிகச் சிறந்த நேரத்தை எடுத்து விளம்பரத்தில் போடுவது. "15.4 ஓடியது" என்று எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எந்தக் களத்தில், யாரோடு ஓடி வந்த 15.4 என்பதுதான் கேள்வி. களத்துக்குக் களம் அளவு மாறும், மண் மாறும். அதனால்தான் இங்கே டி (டிவிஷன், அதாவது பிரிவு) கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அன்றைய வெற்றியாளரின் நேரத்திலிருந்து 1டி தொடங்கும். அதிலிருந்து அரை நொடி தள்ளினால் 2டி ஆரம்பம், ஒரு நொடி தள்ளினால் 3டி. அதற்குக் கீழே 4டி, சில இடங்களில் 5டி கூட உண்டு. ஒரு களத்தில் முதல் குதிரை 15.300 ஓடி, உங்களுடையது 15.950 ஓடியது என்று வையுங்கள். இன்னொரு பெரிய களத்தில் முதல் குதிரை 17.100, உங்களுடையது 17.750. எண்ணைப் பார்த்தால் இரண்டு நொடி கெட்டுப்போன மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் முதல் குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் இடைவெளி 0.65 தான். அது ஒரே குதிரை, இரண்டு இடத்திலும் 2டி. வாங்குபவர் காசு கொடுப்பது இந்த இடைவெளிக்கு.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாற்பது குதிரை வரும் வியாழக்கிழமைப் போட்டியில் 1டி வாங்குவதும், நானூறு குதிரை வரும் வாரயிறுதிப் போட்டியில் 1டி வாங்குவதும் ஒன்றில்லை. சின்னப் போட்டிக்கு ஒரே ஒரு அசுர வேகக் குதிரை வந்துவிட்டால் எல்லோரும் ஒரு படி கீழே இறங்குவார்கள். அது வராத வாரம் எல்லோரும் ஒரு படி மேலே ஏறுவார்கள். ஆகவே இன்று இரவே ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். கடைசி இருபது, முடிந்தால் முப்பது ஓட்டங்களை வரிசையாக எழுதுங்கள்: தேதி, களத்தின் பெயர், எத்தனை குதிரை ஓடியது, முதல் குதிரையின் நேரம், உங்கள் நேரம், இடைவெளி, பீப்பாய் விழுந்ததா. மகளுக்குப் பாதி ஞாபகம் இருக்கும், மீதி போட்டி நடத்தியவர்களின் முடிவுப் பட்டியல்களில் கிடைக்கும். பிறகு பெரிய போட்டிகளை மட்டும் தனியே எடுத்து, இடைவெளிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் உங்கள் குதிரை. சிறந்த ஓட்டமும் மோசமான ஓட்டமும் வானிலை மாதிரி, வந்து போகும். இருபதில் பதினேழு ஓட்டம் பீப்பாய் விழாமல், இடைவெளி 0.5-க்கும் 0.9-க்கும் நடுவிலேயே நிற்கிறதென்றால், ஒருநாள் 1டி, மறுநாள் பீப்பாயைத் தட்டுவது என்று ஆட்டம் காட்டும் குதிரையைவிட நம்முடையது நிச்சயமாக விலை போகும். யாருக்கு விலை போகும் என்பது அடுத்த விஷயம்.

இந்தக் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: நீங்கள் விற்பது குதிரை ஓடிய ஓட்டத்தை இல்லை, அடுத்தவர் ஏறியதும் அது ஓடப் போகும் ஓட்டத்தை. நேரம் குதிரையும் ஓட்டுபவரும் சேர்ந்து போட்ட நேரம். உங்கள் மகள் ஏழு வருடம் அதே முதுகில் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பீப்பாயில் கையை எப்போது தூக்க வேண்டும், எங்கே காலால் அழுத்தினால் கோபம் வரும் என்பதெல்லாம் அவருக்கு உடம்பில் ஊறியிருக்கும். அடுத்தவருக்கு அது இருக்காது. சில வருடங்களுக்கு முன் நான் சோதித்த ஒரு பெட்டைக் குதிரை, உண்மையான 1டி, காலும் சுத்தம். பெரும் விலைக்குப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்காக வாங்கிப் போனார்கள். அதற்கு முன் அதை ஓட்டியவர் தொழில்முறை வீராங்கனை. சிறுமி ஏறியதும் குதிரைக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. வாசலில் நின்று முன்னங்கால் தூக்க ஆரம்பித்தது. ஐந்தே மாதத்தில் வாங்கியதில் பாதி விலைக்கு விற்றார்கள். குதிரை மேல் ஒரு குறையும் இல்லை, ஆள்தான் பொருந்தவில்லை.

அதனால் விளம்பரம் போடுவதற்கு முன் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிப் பாருங்கள். மகளைவிட அனுபவம் குறைந்த ஒருவர், அவரைவிடக் கூடிய ஒருவர் என்று இரண்டு பேர். போட்டி தொடங்குவதற்கு முன்னால் காசு கட்டிப் பழக்க ஓட்டம் ஓட விடுவார்களே, அங்கே போதும். குறைந்த அனுபவக்காரர் ஏறியும் குதிரை தானாகவே பீப்பாய்க்கு முன் வேகத்தைக் கட்டி, சுற்றி, வெளியே வருகிறதென்றால் அதை வீடியோ எடுத்து வையுங்கள். அந்த ஒரு வீடியோவின் மதிப்பு சில ஆயிரம் டாலர் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் பதினான்கு வயதில் இந்தக் குதிரையைத் தேடி வரப் போவது ரோடியோவில் சம்பாதிக்க நினைப்பவர் இல்லை. மகளுக்கோ மகனுக்கோ பத்திரமான, வழி தெரிந்த குதிரை வேண்டும் என்று அலையும் பெற்றோர்தான் வருவார்கள். ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் இருந்த இடத்தில் இன்று நிற்பவர்கள். அவர்கள் அரை நொடிக்குக் காசு கொடுப்பதைவிட, பிள்ளை கீழே விழாமல் வருவதற்கு அதிகம் கொடுப்பார்கள்.

இந்த வகையில் விலையைத் தூக்குவதும் இறக்குவதும் கடிகாரத்தில் தெரியாத விஷயங்கள். களத்து வாசலில் அமைதியாக நிற்கிறதா, இல்லை உள்ளே போக மாட்டேன் என்று பின்னால் நகர்கிறதா? ட்ரெய்லரில் தனியாக ஏறுமா? ராத்திரி வேறு ஊர்க் கொட்டிலில் தின்று, தண்ணீர் குடித்து, படுக்குமா? லாடக்காரருக்குக் காலைக் கொடுக்குமா? வாரநாளில் சும்மா மேய்ச்சல் நிலத்தில் ஓட்டினால் பாய்ச்சல் எடுக்காமல் நடக்குமா? வாசலில் அடம் பிடிக்கும் குதிரை எவ்வளவு வேகமாக இருந்தாலும் பெற்றோர் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுவார்கள். நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

இப்போது வயது. பண்ணைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. பேரல் குதிரைகள் நாலு, ஐந்து வயதில் ஃப்யூச்சுரிட்டி என்ற இளங்குதிரைப் போட்டியில் இறங்கும். ஏழிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று வரை நல்ல காலம். அதன் பிறகும் ஓடாமல் இல்லை. மேலே சொன்ன ஸ்கேம்பர் பத்தாவது பட்டம் வாங்கியபோது வயது பதினாறு. பதினெட்டிலும் 3டி-யில் காசு வாங்கும் குதிரைகளை நான் பார்க்கிறேன். ஆனால் வாங்குபவர் கணக்குப் போடுவது எளிது. பத்து வயதுக் குதிரையை வாங்கினால் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, பதின்மூன்றில் திரும்ப விற்கலாம், போட்ட பணத்தில் பெரும்பகுதி கிடைக்கும். பதினான்கில் வாங்கினால் அடுத்து விற்கும்போது பதினேழு. அப்போது கிட்டத்தட்ட ஒன்றும் வராது, பிறகு இன்னும் பத்து வருடம் அதற்குத் தீவனம் போட வேண்டும், குதிரை இருபத்தைந்து, முப்பது வரை வாழும். அதாவது உங்கள் குதிரையை வாங்குபவர் அதன் கடைசி உரிமையாளராக இருக்கச் சம்மதிக்கிறார். அந்தச் சம்மதத்துக்கு விலையில் ஒரு கழிவு உண்டு. ஓட்டம் குறையாவிட்டாலும் உண்டு. பயிற்சியாளர் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தோன்றுகிறது.

அப்புறம் கால்கள். இங்கேதான் பேரம் பெரும்பாலும் உடையும். பீப்பாயைச் சுற்றும்போது குதிரையின் பாரம் முழுவதும் பின்னங்கால்களில் இறங்கும். பல வருடம் ஓடிய குதிரையின் ஹாக் மூட்டின் (பின்னங்காலின் நடு மூட்டு) கீழ் இணைப்புகளில் தேய்மானம் இருப்பதைத்தான் நான் எதிர்பார்ப்பேன், இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்த இணைப்புகள் அதிகம் அசையாதவை. சில குதிரைகளில் அவை நாளடைவில் ஒட்டிப்போய், அப்புறம் வலியே இல்லாமல் ஓடும். அதனால் எக்ஸ்ரேயில் கொஞ்சம் எலும்பு வளர்ச்சி தெரிந்தாலே குதிரை போயிற்று என்று அர்த்தமில்லை. தேய்மானம் மேல் மூட்டிலோ, முன்னங்கால் குளம்புக்குள் இருக்கும் நாவிக்குலர் எலும்பிலோ, கால் பின்புறத்துத் தசைநாரிலோ இருந்தால் அது வேறு கதை, விலையும் வேறு.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். குதிரையைக் கெட்டித் தரையில் நேர்க்கோட்டில் நடத்தி, பிறகு ட்ராட் என்ற மிதமான ஓட்டத்தில் ஓட வைப்பேன். அதன் பின் பின்னங்காலை வயிற்றுப் பக்கமாக மடக்கித் தூக்கி ஒன்றரை நிமிடம் பிடித்துக்கொள்வேன். என் முதுகு பிடித்துக்கொள்ளும், குதிரை மெல்ல என் மேல் சாயும், கயிற்றைப் பிடித்திருப்பவர் வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார். விட்ட அடுத்த நொடி ஓட வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று காலடி மட்டும் நொண்டிவிட்டு சரியானால் பதினான்கு வயதுக்கு அது சாதாரணம். பத்துக் காலடி தாண்டியும் நொண்டினால் குறித்து வைப்பேன். இந்தச் சோதனையில் "பாஸ்", "ஃபெயில்" கிடையாது. பார்த்ததைச் சொல்வது மட்டும்தான் மருத்துவர் வேலை. அதோடு வாழ முடியுமா என்பது வாங்குபவர் முடிவு.

ஹாக் மூட்டுக்கு ஊசி போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் போட்டிருப்பீர்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டு ஓட்டுவது இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம். வாங்குபவர் கேட்பது எந்த மூட்டு, எந்த மருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது என்பதே. அந்தத் தாள்களை எடுத்து வையுங்கள். முன்பு வருடத்துக்கு ஒன்று, இப்போது நாலு மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் அதுவே ஒரு செய்தி, விலையில் தெரியும். விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஊசி போட்டு, வலி மருந்து கொடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. வாங்குபவர் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்வதே இதற்காகத்தான். பின்னால் குதிரை நொண்டினால் அந்த ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவார்கள். இதே மாதிரி, ஓடும்போது நுரையீரலில் ரத்தம் கசிந்து அதற்காக லாசிக்ஸ் என்ற மருந்து கொடுத்து ஓட்டுவதாக இருந்தால் முதல் ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் சொன்னால் அது குதிரையைப் பற்றிய ஒரு விவரம். சோதனையில் வெளிவந்தால் உங்களைப் பற்றிய விவரம் ஆகிவிடும்.

என் யோசனை, இப்போதே உங்கள் செலவில் நாலு கால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சில நூறு டாலர் ஆகும். வாங்குபவர் தன் மருத்துவரை வைத்துத் தனியாகப் பார்க்கத்தான் செய்வார், பார்க்கவும் வேண்டும்; உங்கள் குதிரைக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவரே இரண்டு பக்கத்துக்கும் பார்ப்பது சரியில்லை. இருந்தாலும் என்ன வரப் போகிறது என்று தெரிந்துகொண்டு விலை சொல்வதும், தெரியாமல் சொல்வதும் ஒன்றில்லை. 25,000 சொல்லி, கைகுலுக்கி, சோதனை முடிந்ததும் "மூட்டு இப்படி இருக்கிறதே, 17,000 தருகிறேன்" என்று வரும்போது நெஞ்சு அடைக்கும். அந்த நேரத்தில் யாரும் நிதானமாகப் பேரம் பேச மாட்டார்கள்.

வம்சாவளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாஷ் டா ஃபேம், ஃப்ரெஞ்ச்மேன்ஸ் கை போன்ற பெயர் பெற்ற தகப்பன் குதிரைகளின் பெயர்கள் தாளில் இருந்தால் இரண்டு வயதுக் குட்டிக்கு விலை எகிறும். ஓடாத குதிரைக்கு வம்சம் ஒரு வாக்குறுதி. உங்கள் குதிரை வாக்கை நிறைவேற்றிவிட்டது, காயடித்ததால் அடுத்த தலைமுறையும் இல்லை. ஆகவே தாளுக்காகப் பெரிதாக எதையும் கூட்ட வேண்டாம். பெட்டையாக இருந்தால் கதை வேறு, ஓட்டம் முடிந்தும் குட்டி போடுமே என்று கணக்கு மாறும். ஆனால் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கத்தின் பதிவுத் தாள் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் இன்றே பாருங்கள். வாங்கியபோது பெயர் மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம்.

ஊர் ஞாபகம் ஒன்று. சின்ன வயதில் ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் குதிரைச் சந்தைக்கு மாமாவோடு போயிருக்கிறேன். அங்கே குதிரையைச் சுற்றிவந்து முதலில் பார்ப்பது சுழி. சுழி சுத்தமாக இருந்தால்தான் பேச்சே தொடங்கும். விலை துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசப்படும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இங்கே எல்லாம் வெளிச்சத்தில் நடப்பதாகத்தான் தெரியும். ஆனால் விளம்பரத்தில் பாதிப் பேர் விலையே போடாமல் "உள்பெட்டிக்கு வாருங்கள்" என்று எழுதுகிறார்கள், துண்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் விலையைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்லியே மாதம் போய்விடும்.

எண்ணுக்கு வருகிறேன். இனி சொல்வது என் மதிப்பீடு, டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்தில் சமீப வருடங்களில் நான் சோதித்த விற்பனைகளை வைத்து. பெரிய போட்டிகளில் நிலையாக 2டி ஓடும், சிறுவர் ஏறக்கூடிய, பத்து வயதுக்குள் இருக்கும், கால் சுத்தமான குதிரை 30,000-லிருந்து 40,000 வரை போகிறது. பயிற்சியாளர் சொன்ன எண் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். பதினான்கு வயதுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும், சில சமயம் அதற்கும் மேலே. மூட்டு ஊசி வருடத்துக்கு ஒன்றென்றால் மேற்கொண்டு பெரிதாகக் கழிக்க மாட்டார்கள், அடிக்கடி என்றால் இன்னும் சில ஆயிரம் போகும். அறிமுகமில்லாத பிள்ளை ஏறி நன்றாக ஓடிய வீடியோ இருந்தால் அதில் கொஞ்சம் திரும்ப வரும். ஆக நடு எண் 2டி-யின் மேல் பக்கம் நின்று, எக்ஸ்ரேயும் வயதுக்கேற்ற மாதிரி இருந்தால், 20,000-லிருந்து 24,000-க்குள் படியும் என்று நினைக்கிறேன். நடு எண் 3டி என்று வந்தால் 14,000 முதல் 18,000. பண்ணைக்காரர் சொன்ன 12,000 எப்போது உண்மையாகும் என்றால், குதிரை வாசலில் அடம் பிடித்தால், அல்லது எக்ஸ்ரேயில் நாவிக்குலர் எலும்பில் தேய்மானம் தெரிந்தால். 40,000 எப்போது உண்மையாகும் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

சொல்லும் விலை படியும் விலையைவிட எட்டு, பத்து சதவீதம் மேலே இருந்தால் போதும். 22,000 எதிர்பார்த்தால் 24,000 போடுங்கள். 35,000 போட்டுவிட்டு இறங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கி வருவதற்குள் சரியான பெற்றோர் வேறு குதிரையை வாங்கிப் போயிருப்பார்கள், மூன்று மாதம் விளம்பரத்தில் நின்ற குதிரைக்கு என்னவோ குறை என்று பேச்சும் கிளம்பும். இறங்கக்கூடிய கடைசி விலையை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள், மகளுக்கும் அது தெரிந்திருக்கட்டும். மூன்று நாலு வாரத்தில் நேரில் பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லையென்றால் விலை அதிகம். முதல் நாளே நாலு பேர் பார்க்காமலேயே பணம் அனுப்புகிறேன் என்றால் குறைவாகச் சொல்லிவிட்டீர்கள், அல்லது அவர்களில் ஒருவராவது மோசடிக்காரர். பயிற்சியாளரே விற்றுத் தருவதாகச் சொன்னால் தரகு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பத்து சதவீதம் இங்கே சகஜம். வாங்குபவரிடமும் தனியாக வாங்குகிறாரா என்று கேட்பதில் தப்பில்லை.

வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு நான் பொதுவாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். இரண்டு முறை, மூன்று முறை உங்கள் இடத்துக்கே வந்து ஓட்டட்டும், ஒரு போட்டிக்கும் சேர்ந்து போகலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முழுப் பணமும் வங்கியில் வந்து சேர்ந்த பிறகு, இத்தனை நாள், அதற்குள் அடிபட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால் காகின்ஸ் என்ற, தொற்றுநோய்க்கான ரத்தச் சோதனைத் தாளும் கால்நடை மருத்துவரின் நலச் சான்றும் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

விற்காமல் குத்தகைக்கு விடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த வயதுக் குதிரைக்கு அது நல்ல வழி. ஒரு வருடத்துக்கு ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு, தீவனம், லாடம், மருத்துவம், காப்பீடு எல்லாம் அவர்கள் பார்த்து, மேற்கொண்டு ஒரு தொகையும் தருவார்கள். கடைசிக் காலத்தில் குதிரை எங்கே போய்ச் சேருகிறது என்ற கவலை உங்கள் மகளுக்கு இருந்தால் இதையும் யோசியுங்கள். விற்பதென்றே முடிவு செய்தாலும், பின்னால் அவர்கள் விற்க நினைத்தால் முதலில் உங்களைக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். அதை எவ்வளவு தூரம் சட்டப்படி வலியுறுத்த முடியும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

முதலில் அந்த நோட்டுக் கணக்கைப் போட்டு, பெரிய போட்டிகளின் நடு எண்ணையும், ஹாக் ஊசி போட்ட தேதிகளையும் இங்கேயே எழுதுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் போடுங்கள். மேலே சொன்ன எண்ணை அதை வைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல முடியும். விளம்பரத்துக்கு வீடியோ போடும்போது பீப்பாய் விழுந்த ஓட்டம் ஒன்றையும் சேர்த்தே போடுங்கள். வருகிற பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.